பெயர் சொல்லும் பாட்டு: மாணவர் இசைக்காணொளியும் வகைமை மரபும்

கலை எதுவாயினும் அதற்கு ஒரு மரபு உண்டு. நாட்டியத்துக்கு அடவு உண்டு. இசைக்கு இராகமும் தாளமும் உண்டு. வெண்பாவுக்குத் தளை உண்டு. மரபு கலைஞனைக் கட்டுகிறதா, தாங்குகிறதா என்னும் வினா ஒவ்வொரு தலைமுறையிலும் எழுவது. இன்று அவ்வினா நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசி வழியாக எழுந்துள்ளது. மேனிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் இளைஞர், ஒரு பாடலைத் தாமே எழுதி, தாமே பாடி, மூன்று நான்கு நிமிடப் படமாக எடுத்து வெளியிடுகின்றனர். மியூசிக் வீடியோ என வழங்கும் இதனை இக்கட்டுரையில் இசைக்காணொளி என்போம். சிலருக்கு இது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி; சிலருக்கு விழா மேடைக்கு உரிய படைப்பு; சிலருக்கு விருப்பம் ஒன்றே காரணம்.

இப்படைப்புகளைப் பற்றி நம்மவரிடையே இருவகைப் பேச்சுகளையே கேட்கிறோம். 'இதுவும் ஒரு கலையா?' என்னும் புறக்கணிப்பு ஒன்று. 'பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்கள்!' என்னும் கைதட்டல் மற்றொன்று. இரண்டுமே பிள்ளைகளுக்குப் பயன் தருவன அல்ல. ஒரு வகைமையின் மரபைப் பின்பற்றி இசைக்காணொளி எடுப்பது என்றால் உண்மையில் எதைப் பின்பற்றுவது? இந்த ஒரு கேள்வியை மட்டும் இங்கு ஆராய்வோம்.

முகமும் குரலும்

பாட்டைக் கண்ணால் காண்பது தமிழருக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி பின்னர் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியால் வெள்ளிக்கிழமை மாலைத் தெருக்களை வெறிச்சோடச் செய்தது. அக்காலத்தில் வடக்கே வாழ்ந்த நம் குடும்பங்கள் 'சித்ரஹார்' பார்த்தன. அதில் ஒரு தமிழ்ப் பாட்டு வந்துவிடாதா என்று காத்திருந்தன. ஆயினும் அவை யாவும் திரைப்படத்திலிருந்து எடுத்த பாடற்காட்சிகள். பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர். பாடும் முகத்துக்கு ஒரு கதைப்பாத்திரத்தின் பெயர் இருக்கும். கதை நின்று, பாட்டு நடந்து, மீண்டும் கதை தொடரும்.

மேலை நாட்டு இசைக்காணொளியின் பிறப்பு வேறு. பாடகரையும் அவருடைய இசைத்தட்டையும் மக்களிடம் கொண்டு செல்வதற்கென்றே அது தோன்றியது. 1975இல் 'குயீன்' குழுவினரின் 'பொஹீமியன் ராப்சடி' பாடலுக்குப் புரூஸ் கவர்ஸ் இயக்கிய படம் சில மணி நேரத்தில் எடுத்து முடிக்கப்பட்டது. இருளில் நான்கு முகங்கள் மேல்நோக்கி நிற்கும் அதன் புகழ்பெற்ற காட்சி, அக்குழுவினரின் முந்தைய இசைத்தட்டு ஒன்றின் உறைப்படத்தைத் தழுவியது. 1981 ஆகஸ்டு 1இல் எம்.டி.வி. என்னும் அலைவரிசை அமெரிக்காவில் தொடங்கிய பின் இக்கலைக்குத் தனியான ஓர் அரங்கு கிடைத்தது. 1983இல் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' பாடலை ஜான் லாண்டிஸ் ஏறத்தாழ 14 நிமிடப் படமாக விரித்தபோது, பேய்ப்படத்தின் மரபு முழுவதையும் ஒரு பாட்டுக்குள் அடக்க முடியும் என்பது தெரிந்தது. இந்தியாவில் 1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்த பிறகே, திரைப்படத்தைச் சாராத பாடகரின் முகம் வீடுகளுக்குள் நுழைந்தது.

இவ்விரு பிறப்புகளின் வேறுபாட்டை நம் இளைஞர் பெரும்பாலும் உணர்வதில்லை. திரைப்பாடலில் நாம் காண்பது ஒரு நாயகனை. இசைக்காணொளியில் காண்பது பாடியவரையே. 2011 நவம்பரில் வெளியான 'கொலவெறி' பாடலை எண்ணிப் பாருங்கள். அது '3' என்னும் திரைப்படத்துக்கு உரிய பாட்டு. ஆயினும் மக்கள் முதலில் கண்டது ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் கேட்பொறியுடன் தனுஷ் நின்று பாடும் காட்சியை. மரமில்லை, மலையில்லை, உடை மாற்றமில்லை. பாடுபவர் பாடுகிறார், உடனிருப்பவர் கேட்கின்றனர். ஒலிப்பதிவுக் கூடக் காணொளி என்பதும் ஒரு வகைமையே. அதன் மரபைப் பிழையின்றிக் கைக்கொண்டதால், ஒரு திரைப்பாடல் தனிப்பாடலின் நெருக்கத்தைப் பெற்றது.

வகையும் அளவும்

இசையின் வகை மாறினால் காணொளியின் நடையும் மாறுகிறது. ராக் இசையில் மேடையும் இசைக்கருவிகளும் முதன்மை பெறும்; கிதாரின் நரம்பில் விரல் ஓடுவதை அண்மைக் காட்சியாகக் காட்டுவர். பாப் இசையில் ஆடலும் வண்ணமும் மிகும். ராப் இசையில் தெரு தோன்றும். பாடுபவர் ஒளிப்படக் கருவியை நேருக்கு நேர் நோக்குவார். கருவி தாழ இருந்து அவரை அண்ணாந்து பார்க்கும். பின்னால் அவருடைய கூட்டாளிகள் நிற்பர். ஆண்ட்ரூ குட்வின் என்னும் ஆய்வாளர் 1992இல் வெளியான தம் நூலில் பாட்டின் சொல்லுக்கும் காட்சிக்கும் உள்ள உறவை மூவகையாகப் பிரித்தார். சொன்னதையே காட்டுதல், சொன்னதை விரித்துக் காட்டுதல், சொன்னதற்கு மாறாகக் காட்டுதல் என்பன அவை. ஊடகவியல் வகுப்புகளில் இப்பகுப்பு இன்றும் பயன்பட்டு வருகிறது.

இவ்வளவும் அந்நியக் கணக்கு என்று நம் முதியோர் கருத வேண்டா. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டினால் இளங்கோவடிகள் எத்துணை அளவுகளைத் தருகிறார் என்பது புலப்படும். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்குக்கு அளவு சொல்கிறார். எழினிகள் மூன்று என்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் கூறுகிறார். மாதவி ஏழாண்டுப் பயிற்சிக்குப் பிறகே அரங்கேறினாள். கலையில் உணர்ச்சி பெரிது. அவ்வுணர்ச்சியைத் தாங்கும் பலகைக்கும் அளவு வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இசைக்காணொளிக்கும் அத்தகைய கணக்கு உண்டு. மூன்றரை நிமிடப் பாடல் ஒன்று நிமிடத்துக்கு 100 தாள அடிகளில் செல்வதாகக் கொள்வோம். மொத்தம் 350 அடிகள். நான்கு அடிக்கு ஒருமுறை காட்சியை மாற்றினால் 87 துண்டுகள் தேவை. ஒவ்வொன்றும் இரண்டரை நொடிக்கும் குறைவாகவே நிற்கும். எனவே பழகியவர்கள் ஒவ்வோர் இடத்திலும் பாட்டை ஒலிபெருக்கியில் முழுமையாக ஓடவிட்டு, தொடக்கம் முதல் இறுதிவரை பலமுறை வாயசைத்துப் படம் பிடிக்கின்றனர். பின்னர்த் தொகுப்பு மேசையில் வெட்டி ஒட்டுகின்றனர். முதல் முயற்சியில் இறங்கும் மாணவர் பத்துப் பதினைந்து காட்சிகளோடு வீடு திரும்பி, பாட்டின் பிற்பாதியை நிரப்ப வழியின்றித் திகைப்பது இக்கணக்கை அறியாததால்தான்.

முதலும் கருவும் உரியும்

மரபைப் பாடமாகவே வைத்த நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் ஏ-லெவல் ஊடகவியல் பயிலும் மாணவர் இசைக்காணொளி எடுப்பது நெடுநாள் வழக்கம். ஓ.சி.ஆர். வாரியத்தின் முந்தைய பாடத்திட்டத்தில், காணொளியோடு இசைத்தட்டின் உறையும் பத்திரிகை விளம்பரமும் ஆக்கித் தந்து, இறுதியில் தம் படைப்பைத் தாமே மதிப்பிட்டு எழுதவும் வேண்டும். உண்மையான படைப்புகளின் மரபுகளை நீ எவ்வாறு கையாண்டாய், எவ்வாறு வளர்த்தாய், எங்கே மறுத்தாய் என்பதே அம்மதிப்பீட்டின் முதல் வினாவாக இருந்தது. மிக நல்ல வினா. ஆனால் இத்தகைய வினாவுக்கு மாணவர் எளிதில் தரக்கூடிய விடை ஒரு பட்டியல்: 'தாழ்ந்த கோணம் வைத்தேன், அது மரபு, குளிர்க் கண்ணாடி அணிந்தேன், அதுவும் மரபு.' பட்டியல் முழுமையாக இருக்கும். படம் உயிரற்றுக் கிடக்கும்.

இக்குறையை விளக்க நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியர் அகத்திணைப் பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலானவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்றும், உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கி வரலாம் என்றும் அவர் கூறுகிறார். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் மற்றொரு நிலத்தில் தோன்றினாலும் குற்றமில்லை. ஆனால் பாட்டின் உயிராகிய ஒழுக்கம் நிலைபெற வேண்டும்.

தொல்காப்பியர் இசைக்காணொளிக்கு இலக்கணம் வகுத்தார் என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. ஒரு வகைமையின் மரபில் எது மேற்பூச்சு, எது உள்ளுயிர் என்று பிரித்தறிய அவருடைய பகுப்பு உதவுகிறது. ராப் காணொளியை இவ்வாறு பிரித்துப் பார்ப்போம். நகரத் தெருவும் இரவும் அதன் முதற்பொருள். காரும் கழுத்துச் சங்கிலியும் சுவரோவியமும் கூட்டாளிகளும் கருப்பொருள். அதன் உரிப்பொருள் யாது?

ராப் ஒரு புறப்பாட்டு

இதற்கு விடை காண அவ்விசை பிறந்த இடத்துக்குச் செல்ல வேண்டும். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்னும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் நடந்த ஒரு விருந்தை ஹிப்-ஹாப் இசையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர். அவ்விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து சிறுவயதில் பெற்றோருடன் குடிபெயர்ந்து வந்த இளைஞர். அப்போது பிராங்க்ஸின் பல தெருக்களில் கட்டடங்கள் எரிந்தும் கைவிடப்பட்டும் கிடந்தன. நாளிதழ்களில் அப்பகுதியின் பெயர் அழிவுக்கு மறுபெயராக அடிபட்டது. அங்கு வளர்ந்த பிள்ளைகள் தம் தெருவின் பெயரையும் தம் குழுவின் பெயரையும் உரக்கச் சொல்லிப் பாடினர். 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' பாடலின் காணொளி அந்நகரத் தெருக்களையே அரங்காகக் கொண்டது. ஆகவே 'நான் இன்ன இடத்தவன். இங்கு நடப்பது இது. நான் கண்டேன்' என்று பெயர் சொல்லிச் சான்று பகர்தலே ராப் பாட்டின் உரிப்பொருள். காரும் சங்கிலியும் பின்னர் வந்து சேர்ந்தவை.

தமிழ் மரபில் இதற்கு இணையான ஒரு பாகுபாடு உண்டு. அன்பின் ஐந்திணைப் பாடல்களில் தலைவன் தலைவியர் பெயர் சுட்டப்படுவதில்லை. யாருடைய காதலாகவும் அது இருக்கலாம் என்பதே அதன் அழகு. புறப்பாட்டு அப்படியன்று. அங்கு மன்னன் பெயர், ஊர் பெயர், மலையின் பெயர், போர்க்களத்தின் பெயர் யாவும் வரும். கபிலர் பாரியைப் பெயர் சொல்லிப் பாடினார். பறம்பு நாட்டின் ஊர்கள் முந்நூறு என்று எண்ணிக்கையும் சொன்னார். மூவேந்தர் முற்றுகையிட்ட அச்சிறு நாடு அழிந்தது. பறம்பின் பெயர் அழியவில்லை.

நம் திரைக்காதற்பாடல் பெரும்பாலும் அக மரபின் வழியது. பெயரற்ற காதலன், பெயரற்ற காதலி, எங்கோ ஒரு மலைச்சாரல். ராப் பாட்டோ புற மரபின் வழியது. திரைப்பாட்டைப் பார்த்து வளர்ந்த நம் இளைஞர் ராப் பாட்டை எடுக்கும்போது, தம்மை அறியாமலேயே புறப்பாட்டை அகப்பாட்டின் பெயரின்மையோடு எடுத்துவிடுகின்றனர். மாணவர் படைப்புகளில் காணும் வெறுமைக்கு இதுவே முதற்காரணம் என்பது என் துணிபு.

பெயர் சொல்லிப் பாடுவதைத் தமிழ் இளைஞர் பலர் செய்தும் காட்டியுள்ளனர். மலேசியத் தமிழரான யோகி பி குழுவினர் 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டனர். மும்பை தாராவியில் வளர்ந்த 'டோப்அடெலிக்ஸ்' குழுவினர் தம் குடியிருப்பின் வாழ்வைத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பாடி, 2018இல் 'காலா' திரைப்படத்தின் பாடல்களிலும் பங்கேற்றனர். 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளை அறிவு பாட்டாக்கினார். ஒப்பாரியும் ராப்பும் அதில் ஒன்று கலந்தன. இவர்களுள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு மாணவர் படைப்பு

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த கல்லூரி மாணவர் நால்வர் எடுத்த மூன்றரை நிமிட ராப் காணொளி ஒன்றை அண்மையில் காண நேர்ந்தது. அதன் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். வாயசைப்பு ஓரிடத்திலும் பிசகவில்லை. தாளத்தின் அடியோடு காட்சிகள் மாறின. தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த அடிகளில் இயைபு நன்றாக அமைந்திருந்தது. கைப்பேசி ஒன்றைக் கொண்டே எடுக்கப்பட்ட படம் என்று நம்புவது கடினம். நால்வரின் உழைப்பும் பாராட்டுக்கு உரியது.

ஆனால் அதில் கண்டவை எவை? இரவல் வாங்கிய ஒரு கார். பல அடுக்கு வாகன நிறுத்துமிடம். வண்ணத்தெளிப்பான் கொண்டு ஆங்கில எழுத்துகள் தீட்டிய ஒரு செங்கற்சுவர். நால்வரும் குளிர்க் கண்ணாடி அணிந்து, கைகளை வீசி, தம்மைத் தாழ்த்த நினைத்த பகைவரை அறைகூவி அழைக்கின்றனர். யார் அப்பகைவர்? பாட்டு சொல்லவில்லை. எந்த ஊர்? அதையும் சொல்லவில்லை. அந்த நிறுத்துமிடம் சிகாகோவிலும் இருக்கலாம், சிங்கப்பூரிலும் இருக்கலாம். கருப்பொருள் அத்தனையும் வந்துவிட்டன, உரிப்பொருள் வரவில்லை. மரபை இவர்கள் மிகையாகப் பின்பற்றிவிட்டனர் என்று குறை சொன்னவர்கள் உண்டு. நான் அதற்கு மாறாகவே கூறுவேன். மரபின் உயிர்நிலையை இவர்கள் பின்பற்றவே இல்லை.

ஆயினும் அப்படத்தில் ஓர் எட்டு நொடிக் காட்சி உண்டு. நால்வருள் ஒருவன் அரசுக் குடியிருப்பின் மாடிப்படியில் நின்று பாடுகிறான். பின்னால் மின்கணக்கிப் பெட்டிகள் வரிசையாகத் தெரிகின்றன. காய்கறிப் பையுடன் ஒரு மூதாட்டி படியேறி வருகிறார். பாடும் பையனைக் கண்டு நிற்கிறார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்கிறார். அவன் அந்த அடியைப் பாடி முடிக்கும்வரை காத்திருந்து, பின் ஒன்றும் பேசாமல் கடந்து மேலே போகிறார். அது திட்டமிட்டு எடுத்த காட்சியன்று என்பது பார்த்த அளவில் தெரிகிறது. அதை நீக்காமல் விட்டார்களே, அதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அந்த எட்டு நொடியில் ஓர் இடம் இருக்கிறது. அவ்விடத்தில் வாழும் ஒருவர் இருக்கிறார். பாடுபவனுக்கும் அவருக்கும் ஓர் உறவு இருக்கிறது. கையை வீசிப் பாடிய பையன் அவரைக் கண்டதும் சற்றே ஒதுங்கி வழிவிடுகிறான். ராப் மரபு கேட்கும் சான்று அதுதான். எஞ்சிய மூன்றேகால் நிமிடத்துக்கும் மேலான படம் அந்த ஒரு காட்சியின் முன் நிற்க முடியவில்லை.

மரபைக் காத்து இடத்தை மாற்றியவர்கள்

மரபை மீறுவதே புதுமை என்று கருதும் மாணவரும் உளர். அவர்கள் காண வேண்டிய இரண்டு படைப்புகள் உண்டு. இரண்டையும் இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத்.

முதலாவது, 2015 ஜூலை இறுதியில் வெளியான 'கொடைக்கானல் வோன்ட்'. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் நடத்திய வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசக் கழிவையும் தொழிலாளர் உடல்நலத்தையும் பற்றிய போராட்டம் அதன்பின் நீண்டு சென்றது. சோஃபியா அஷ்ரஃப் அதனைப் பாடினார். நிக்கி மினாஜ் பாடிப் புகழ்பெற்ற ஒரு மெட்டையே எடுத்துக்கொண்டார். ராப் மரபில் எதையும் மாற்றவில்லை. ஆனால் ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நேராகச் சொன்னார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஒரு பாட்டால் மட்டும் அது நிகழ்ந்தது என்று சொல்லலாகாது. பதினைந்தாண்டுப் போராட்டத்தின் பயன் அது. எனினும் அவ்வூரின் பெயரை உலகெங்கும் பல லட்சம் பேர் செவியில் சேர்த்தது அந்தப் பாட்டே.

இரண்டாவது, 2017 பொங்கல் நாளில் வெளியான 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதியதை டி.எம். கிருஷ்ணா பாடினார். கருநாடக இசைக் கச்சேரிக்கு உரிய இராகமாலிகை அமைப்பு அப்படியே இருக்கிறது, பக்கவாத்தியமும் இருக்கிறது. மாறியது அரங்கு. சபாவின் மேடைக்குப் பதில் எண்ணூர்க் கழிமுகம். திரைச்சீலைக்குப் பதில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கச்சேரி மரபை முழுமையாக அறிந்த ஒருவர் அதன் நிலத்தை மட்டும் மாற்றியதால்தான் அந்த மாற்றம் நம்மை உறுத்துகிறது. ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்னும் சொல் எவ்வாறு வசைச்சொல் ஆயிற்று என்று எண்ண வைக்கிறது. மரபு முழுவதையும் கலைத்துவிட்டிருந்தால் எது மாறியது என்றே நமக்குத் தெரிந்திராது.

மாணவர் இவற்றிலிருந்து கற்க வேண்டியது தெளிவானது. மரபுகளுள் பெரும்பாலானவற்றைப் பிசகின்றிக் காத்தால்தான், ஓரிடத்தில் செய்யும் மாற்றம் பொருள் பெறும். எங்கே மாற்றுவது என்பதையும் உரிப்பொருளே சொல்லும்.

நம் பிள்ளைகளின் நிலம் எது?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 'நம் பிள்ளைகள் எந்த ஊரின் பெயரைச் சொல்வார்கள்? தந்தையின் ஊரில் இவர்கள் வளரவில்லை. வளர்ந்த ஊரில் இவர்களுக்கு வேர் இல்லை' என்பர். இம்மறுப்பில் வலி இருக்கிறது. ஆனால் ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை பிராங்க்ஸைத் தன் இடமாக்கிக்கொண்டதையும், தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் தம் சந்துகளைப் பாடியதையும் சற்றுமுன் கண்டோம். வேர் ஊன்றியபின் பாடியவர்கள் அல்லர் அவர்கள். பாடியே வேர் ஊன்றினார்கள்.

நடுவணரசுப் பணியாளர் குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. நாம் வாழும் வீடு ஒதுக்கீட்டு வீடு. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதனினும் மேலாக, 2016இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளைப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பழைய மாடி வீடுகள் பல வரிசைகளாக இடிக்கப்பட்டன. மார்கழியில் வாசற்படியில் கோலமிட்ட அம்மாக்களும், குளிர்கால வெயிலில் முற்றத்துப் புல்தரையில் வடகம் காயவைத்த பாட்டிகளும் வாழ்ந்த இடங்கள் அவை. அவற்றைப் பற்றி அரசின் கோப்பில் பரப்பளவும் வீட்டு எண்ணிக்கையும் இருக்கும். அங்கு ஒரு தமிழ்க் குழந்தை எந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தது என்பது எந்தக் கோப்பிலும் இராது. அதைச் சொல்லக் கூடியவர்கள் அங்கு வளர்ந்த பிள்ளைகளே.

ஆகவே பெற்றோருக்கும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ராப் பாடுகிறார்களே என்று முகம் சுளிக்க வேண்டா. கருவி வாங்கப் பணம் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்றும் எண்ண வேண்டா. அவர்கள் எடுத்த படத்தை உடன் அமர்ந்து பாருங்கள். 'இது எந்த இடம்? இவர் யார்? இந்தச் சுவருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். உங்கள் தெருவின் பெயர் எப்படி வந்தது, முதன்முதலில் எந்த வண்டியில் இந்நகருக்கு வந்து இறங்கினீர்கள், யார் வீட்டுத் திண்ணையில் முதல் இரவு தங்கினீர்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள். பாட்டுக்குப் பொருள் அங்கே இருக்கிறது.

மாணவருக்கும் ஒரு சொல். நீங்கள் தேர்ந்த வகைமையின் மரபை ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரபுக்கும் எதிரே 'இது எதற்காக?' என்று எழுதிப் பாருங்கள். தாழ்ந்த கோணம் எதற்காக? உலகம் குனிந்து பார்த்த ஒருவனை நிமிர்த்திக் காட்டுவதற்காக. கூட்டாளிகள் பின்னால் நிற்பது எதற்காக? இவன் தனியனல்லன், இவனுக்கு ஊர் உண்டு என்று காட்டுவதற்காக. காரணம் தெரிந்துவிட்டால் இரவல் கார் தேவைப்படாது. உங்கள் குடியிருப்பின் பால் சாவடியும், நீர்த்தொட்டியின் இரும்பு ஏணியும், பெயர் எழுதிய கடிதப் பெட்டியும் போதுமானவை. அடுத்த முறை அந்த மாடிப்படியிலேயே பாட்டைத் தொடங்குங்கள். அந்த மூதாட்டியின் பெயரைக் கேட்டறிந்து, அவர் இசைந்தால், பாட்டிலும் அதைச் சொல்லுங்கள்.